இடமிருந்து மூன்றாவது

உறைப் படத்தில் என்னைத் தேடாதீர்கள்.
எனக்கு அன்று பொன்னுக்கு வீங்கி.
கன்னம் வீங்கியதோடு சரி,
பொன் வந்து சேரவில்லை.
படம் எடுப்பவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது.
கம்பெனி முன்னறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த
ஃப்ரீடா காஸ்கின்ஸைக் கூப்பிட்டு
என் பச்சை கவுனை மாட்டி,
தொளதொளத்த இடுப்பை முதுகுப்பக்கம் ஊக்கு குத்தி இறுக்கி,
இடமிருந்து மூன்றாவதாக நிறுத்தி,
வாயைத் திற, பாடுவதுபோல் இரு என்றார்களாம்.
அறுபது வருடமாக அவள்
அந்த வாயை மூடவில்லை.

நாங்கள் நாலு பேர். யங்ஸ்டவுன், ஒஹாயோ.
இரவில் உருக்காலை வானத்தைச் சிவப்பாக்கும்,
காயப்போட்ட துணியில் காலைக்குள் கரி.
பாடிப் பழகியது பௌலிங் கூடத்துப் பெண்கள் கழிப்பறையில்.
அங்கேதான் ஓடு பதித்த சுவர்,
அங்கேதான் எங்கள் குரல்
எங்களைவிட வசதியான வீட்டுப் பெண்களுடையதாகக் கேட்டது.
ஒனைடா மேலே போவாள்.
க்ளாடினும் டாமி ரூத்தும் அவளுக்கு இரண்டு பக்கமும்.
நான் கீழே.
தரை இருக்கிறதா என்று யாரும் பார்த்து நடப்பதில்லை.

அந்தப் பாட்டில் என் பங்கு
இருபத்தேழு 'ஊ', பதினொரு 'ஆ',
தனியாக ஒரே ஒரு சொல்: 'நாளைக்கு'.
அதற்குச் சம்பளம் பதினைந்து டாலர்.
கவுனுக்குப் பிடித்தம் பதினான்கு மாதம்.

ஒரே ஒரு வாரம் முப்பத்தெட்டாம் இடம்.
எங்களுக்கு மேலே இருந்த முப்பத்தேழில்
ஒன்று பல்துலக்கியைப் பற்றிய பாட்டு.
அந்த வாரம் கென்டக்கியில் இருந்தோம்.
மேடைக்கு முன்வாசல்,
சாப்பாட்டுக்குப் பின்ஜன்னல்.
கைதட்டிய அதே கைகள்
காப்பியைக் காகிதக் கோப்பையில் நீட்டின,
விரல் படாமல்.

பிறகு மேனேஜர் லென்ஹார்ட் ஒரு காகிதம் காட்டினார்.
'மெரிடேல்ஸ்' என்ற பெயர் அவருடையதாம்.
குரல் எங்களுடையது, எடுத்துக்கொண்டு போகலாமாம்.
அந்த மே மாதமே வேறு நாலு பெண்கள்
எங்கள் பெயரில் ஹாம்பர்க் போனார்கள்.
டாமி ரூத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே
விக்கைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.
அதற்கும் கடைசிக் காசோலையில் பிடித்தார்கள்.

எனக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்தது.
முப்பத்தொரு வருடம்.
"எந்த ஊர்? எந்தப் பெயர்?"
முகம் தேவைப்படாத வேலை. பழகியதுதான்.

எழுபத்தொன்பது நவம்பர், இரவுப் பணி.
"யங்ஸ்டவுன். வெர்லீன் ஸ்டர்டிவன்ட்" என்றது ஒரு குரல்.
பேசுவதற்கு முன் மூச்சு எடுத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.
ஒனைடா அப்படித்தான் எடுப்பாள்,
மூக்கால், யாருக்கும் தெரியாமல்
ஜாடியிலிருந்து மிட்டாய் எடுப்பதுபோல.
தனியாகப் போய் மூன்று இசைத்தட்டு போட்டாள்,
மூன்றும் படுத்துவிட்டன என்று கேள்வி.
என் அம்மா சாவுக்கு அவள் வரவில்லை.
விதிப்படி புத்தகத்தைப் புரட்டினேன்.
கல்யாணத்துக்குப் பிறகு நான் பெட்வே.
"அந்தப் பெயரில் யாரும் இல்லை, மேடம்."
பொய் இல்லை.

"சரி, நன்றி" என்றாள், மேலே.
"பரவாயில்லை" என்றேன்.
தொண்டை தானாகவே
அவளுக்கு மூன்று படி கீழே போய் நின்றது.

அவள் போனை வைக்கவில்லை.
எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
அந்தப் பாட்டில் 'நாளைக்கு' வருவதற்கு முன்
அவ்வளவுதான் இடைவெளி.
பலகையில் மற்ற விளக்குகள் மினுங்கின.
மேற்பார்வையாளர் நாற்காலியைத் திருப்பினார்.
அடுத்த அழைப்பை எடுத்தேன்.
ஆக்ரனில் யாருக்கோ குழாய் ரிப்பேர்காரர் வேண்டுமாம்.

ஃப்ரீடா போன மாதம் இறந்துபோனாள்.
சடங்கு அட்டையில் அதே படம், அதே திறந்த வாய்.
கேட்டவர்களுக்கெல்லாம் கடைசிவரை
என் பெயரில் கையெழுத்துப் போட்டாளாம்.
பார்த்தேன், என்னுடையதைவிட அழகு.
சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
எல்லோரும் பாட எழுந்தபோது
கீழ்க்குரல் காலியாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.
முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்து,
"நீங்களும் பாட்டுக்காரரா?" என்றாள்.
டெலிபோன் ஆபீஸில் இருந்தேன் என்றேன்.